நாத்தனாரின் முட்டியும் என் உவமையும்

என் நாத்தனாரின் வலது முட்டிக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். கையால் செய்ததல்ல, ஓர் உவமையால் செய்தது. நல்லெண்ணத்தோடு சொன்ன உவமைதான். கொஞ்சம் பெருமையும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் அதில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

அனுப்பர்பாளையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, பாத்திரப் பட்டறைகளின் தட்டோசை கேட்கும் தொலைவில், அவளும் அவள் கணவரும் ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்துகிறார்கள். வெட்டிய பனியன் துணிகள் தைப்பதற்கு முன் கட்டுக்கட்டாக எங்களிடம் வரும். நெஞ்சுப் பகுதியில் படமோ எழுத்தோ அச்சிட்டுத் திருப்பி அனுப்புவோம். வேதியியல் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக நிறம் கலக்கும் அறை என் பொறுப்புக்கு வந்தது. வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருக்க வேண்டியவள் என்று என் கணவர் இன்றும் சொல்வார். அந்த ஆசை என்னை விட்டு முழுதாகப் போய்விடவில்லை என்பது இனி வரும் பகுதியில் தெரியும்.

எங்கள் வேலை பார்க்க எளிமையானது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியை ஸ்கிரீன் என்கிறோம். அதன் மேல் நிறம் கலந்த பேஸ்ட்டை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே சீராக இழுத்தால், வலைக்கண்கள் வழியாக நிறம் இறங்கிக் கீழே உள்ள துணியில் படியும். படிந்தால் மட்டும் போதாது. அந்தத் துணி கன்வேயரில் ஏறி, சூடான பெட்டிக்குள் நுழைந்து, மறுபுறம் வெளியே வர வேண்டும். அதற்குப் பெயர் கியூரிங். சூடு காணாத அச்சு முதல் சலவையிலேயே உரிந்துவிடும். எங்கள் ஊரில் பலருக்குத் தெரிந்த சங்கதி இது.

அந்தக் கன்வேயரின் வெளிவாய்தான் என் நாத்தனாரின் இடம். முதலாளியம்மா ஆயிற்றே, நாற்காலியில் உட்காரலாம். ஆனால் வேறு யார் கையிலும் அந்த இடத்தை அவள் கொடுத்ததில்லை. சுடச்சுட வந்து விழும் துணியை இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பாள். அச்சில் விரிசல் இல்லையென்றால் வலது பக்கம் அடுக்குவாள். இருந்தால் இடது பக்கம் எறிவாள். இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவளின் முட்டி வலிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அவள் என் கணவரின் தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அழைப்பதுபோல் என்னை 'நங்கையா' என்பாள். நான் அவளை, சிறு பெண்ணைக் கொஞ்சி அழைப்பதுபோல், 'அம்முணி' என்பேன். ஐம்பத்து மூன்று வயதிலும் அவள் எனக்கு அம்முணிதான்.

சென்ற ஆண்டு, பக்கத்துக் கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கினார்கள். இப்போது எங்கள் வட்டாரத்தில் எந்தத் திசையில் போனாலும் மாலையில் ஒரு திடலில் கும்மி அடிக்கும் ஓசை கேட்கிறது. கல்லூரிப் பெண்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் நாத்தனார் மறுநாளே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு மாதப் பயிற்சி. முடிவில் குன்னத்தூரில் அரங்கேற்றம்.

"உனக்கெதுக்கு அம்முணி இது? நாளெல்லாம் நின்னுபோட்டுப் பொறகு அங்க போயிக் குதிக்கோணுமா?" என்று நான் கேட்டேன்.

அவள் துணி அடுக்குவதை நிறுத்தவில்லை. "ஊட்டுக்குன்னு ஆசைப்பட்டிருக்கறனுங்க. யூனிட்டுக்குன்னு ஆசைப்பட்டிருக்கறன். புள்ளைகளுக்குன்னு சொல்லவே வேண்டாம். எனக்குன்னு ஆசைப்பட்டது இது ஒண்ணுதானுங்க நங்கையா" என்றாள்.

மூன்றாவது வாரத்தில் முட்டி அவளைக் கைவிட்டது. மாத்திரை விழுங்கலாம் என்றால், முன்பு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளால் அவள் இரைப்பை புண்ணாகி ஆறியிருந்தது. இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். கும்மி ஆசிரியர் இளகிய மனம் கொண்டவர்தான். ஆனால் வரிசை விஷயத்தில் அவருக்கு இளக்கம் கிடையாது.

"நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்கம்மா. ஒருத்தரு அடி தப்புனா, பொறகால வர்ற அம்பது பேரும் தப்புவாங்க. கடைசி வாரத்துக்குள்ள முட்டி சரியாச்சுன்னா நீங்க வரிசைல நில்லுங்க. இல்லீனா அடுத்த தாட்டி பாத்துக்கலாமுங்க" என்றார்.

அடுத்த தாட்டி என்பது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அரங்கேற்றத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன.

எலும்பு மருத்துவர் இளம்பெண். முட்டியை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, தேய்மானம் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்றார். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினார். நானோ முறையில் செய்த வலி மருந்து என்றார். ஒரு தாளில் செங்கற்சுவர் போல வரைந்து விளக்கவும் செய்தார்.

"தோலோட மேல் அடுக்கு இந்தச் சுவர் மாதிரி. கல்லு வழியா மருந்து போகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கொழுப்பு நிறைஞ்ச சந்து இருக்கு. சாதாரண மருந்து அங்கேயே தடுமாறி நின்னுடும். இதுல மருந்தை ரொம்ப ரொம்பச் சின்னக் கொழுப்புத் துளிக்குள்ள அடைச்சிருக்காங்க. அது அந்தச் சந்துல நெளிஞ்சு நெளிஞ்சு உள்ள போயிடும். வலிக்கிற இடத்துக்குத்தான் போகும். வயித்துக்குத் தொந்தரவு குறைவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு நான் சொல்லமாட்டேன். மெல்லிசா, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. துணி போட்டுக் கட்டாதீங்க."

எனக்கு அது கதை கேட்பது போல் இருந்தது. ஒரு தலைமயிரின் குறுக்களவில் அத்தகைய துளிகள் பல நூறு அடுத்தடுத்து நிற்கும் என்று முன்பே படித்திருந்தேன். படித்தது ஒன்று வாழ்க்கையில் ஒரு குழாய்க்குள் வந்து கையில் கிடைப்பது எனக்கு எப்போதுமே மகிழ்ச்சி தருவது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை அங்கேயே விரித்தேன். அதிலிருந்த கூட்டுப்பொருள்களின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கைகளை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அவள் பின்னால் அமர்ந்திருந்தாள். முதல் சிக்னலில் நின்றதும் என் தோளைத் தட்டினாள்.

"ஏனுங்க நங்கையா, அந்த டாக்டரம்மா செவுரு, கல்லு, சந்துன்னு என்னென்னமோ சொன்னாங்களே. உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது."

"எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க."

சுவரை விட்டுவிட்டு அவளுக்குப் பழகிய ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகவே பட்டது.

"நம்ம ஸ்கிரீன நெனைச்சுக்க அம்முணி. குருணையாட்டம் மினுக்கற கிளிட்டர் பேஸ்ட்ட எடுத்து, கண்ணு ரொம்பப் பொடிசா இருக்கற மெஷ்ல ஊத்தி இழுத்தா என்னாவும்?"

"எங்கீங்க எறங்கும்? மேலயே நிக்கும். ஸ்கிரீனும் அடைச்சுக்கும்."

"சாதா ஆயின்மெண்ட் அப்பிடித்தான். பாதி மேலயே நின்னுக்கும். இது நல்லா அரைச்சு வடிகட்டுன பேஸ்ட் மாதிரி. தோலுங்கற மெஷ்ல சறுக்கி எறங்கிப் போயிரும்."

பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்த பிறகு சொன்னாள்: "அட, அப்ப தோலு ஸ்கிரீனு. மருந்து பேஸ்ட்டு. உள்ளுக்குள்ள இருக்கற முட்டிதான் துணி."

"அதேதான்" என்றேன்.

ஒரு நல்ல மாணவியைப் பெற்ற ஆசிரியையின் நிறைவோடு வண்டி ஓட்டினேன்.

மருந்து வேலை செய்தது. அது சாதாரணமான வேலையுமல்ல. மூன்றாம் நாள் என் அறைக்கு ஏறும் ஏழு படிகளைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறி வந்து, "பேஸ்ட் ரெடிங்களா?" என்று கேட்டாள். எப்போதும் கீழே நின்று குரல் கொடுப்பவள் அவள். எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாள் முழுதும் ரப்பர் கட்டை இழுப்பவர். அவர் என்னிடம் வந்து நின்றார்.

"யம்மா, அக்கா இன்னைக்கு மூணு தடவ படி ஏறி எறங்கிட்டாங்க, பாத்துக்கிடுங்க. அந்த மருந்துல எனக்கும் ஒரு ட்யூப் சொல்லுங்க. தோளு ரெண்டும் கழண்டு விழுதாப்புல இருக்கு."

"அது டாக்டரக் கேக்காமப் போடக் கூடாதுங்க" என்றேன். ஏதோ நான்தான் அந்த மருந்தைக் கண்டுபிடித்ததுபோல் என் குரலில் ஓர் அடக்கம் இருந்தது. நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், ஒரு நீல நிறத்தைச் சரிபார்க்க, சாம்பிள் அடித்துப் பார்க்கும் அறைக்குள் போனேன். அங்கே ஒரு சிறிய அச்சு மேசையும் அதன் மேல் ஃப்ளாஷ் என்று நாங்கள் சொல்லும் மின்சூட்டுத் தகடும் உண்டு. முதல் நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறம் அடிப்பதற்காக வைத்திருப்பது. என் நாத்தனார் ஸ்டூலில் அமர்ந்திருந்தாள். சேலையை முட்டி வரை ஏற்றி, துணி விரிக்கும் பலகையின் மேல் காலை நீட்டியிருந்தாள். தகடு செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. அவள் கையில் செல்போன். அதில் கும்மிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அம்முணி இது?"

"கியூரிங்குங்க நங்கையா" என்றாள், மணி கேட்டவருக்கு மணி சொல்வது போல.

எனக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. "எதுக்குக் கியூரிங்?"

"மருந்துக்குத்தானுங்க. அடிச்சாச்சுன்னா சூடு காட்டோணுமல்ல. இல்லீனா சாயந்தரம் தண்ணி வாத்துக்கறப்ப அத்தனையும் போயிருமே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லிப்போட்டு, என்னமோ புதுசாக் கேக்கறாப்பல கேக்கறீங்க?" என்றாள்.

"நான் எங்க சொன்னேன்?"

"தோலு ஸ்கிரீனு, முட்டி துணின்னதுக்கு அதேதான்னீங்க. துணியக் கியூர் பண்ணாம உடற யூனிட்டு எந்த ஊர்லீங்க இருக்குது?"

நான் முதலில் சுவிட்சை அணைத்தேன். "அந்தச் சூட்டுக்கு உன்ற காலு என்னத்துக்காவும்?"

"எனக்குத் தெரியாதுங்களா? ஒரு மொழம் தள்ளித்தான் வெச்சிருக்கறன். கை பொறுக்கற சூடுதான். மொதக் கோட்டு, நடுவுல ஃப்ளாஷு, மறுக்கா ஒரு கோட்டு. அதனாலதான் இத்தன வெரசாக் கேட்டுது."

முட்டியைப் பார்த்தேன். தோல் சிவந்து, ஓரத்தில் சிறு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. "வயிறு எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன். அவள் செல்போனை அணைத்து மடியில் வைத்தாள். நேற்றிலிருந்து கொஞ்சம் எரிகிறது என்றாள். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்து என்னிடம் சொல்லவில்லையாம்.

அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். நடந்ததை அவளே விளக்கினாள்; சுருக்காமல், ஃப்ளாஷ் வரை சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் சுவர்தானே வரைஞ்சேன்? சூடு எங்கேருந்து வந்துச்சு?"

"நங்கையாதானுங்க, ஸ்கிரீன் மாதிரின்னாங்க" என்றாள் என் நாத்தனார். குற்றம் சாட்டும் தொனி இல்லை. என் அறிவைச் சிபாரிசு செய்யும் தொனி.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். உவமையை அவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னது சிரிக்கக்கூடியதாக இல்லை.

"சூடு பட்டா தோல் இன்னும் தளர்ந்து கொடுக்கும். உள்ள ரத்தக்குழாய் விரியும். முட்டியோட நிக்க வேண்டிய மருந்து நேரா ரத்தத்துக்குப் போயிடும். அளவும் ரெண்டு மடங்கு போட்டிருக்கீங்க. மாத்திரை முழுங்கக் கூடாதுன்னுதானே இதைக் கொடுத்தேன்? நீங்க தோல் வழியா மாத்திரை முழுங்கியிருக்கீங்க."

பத்து நாட்கள் களிம்பைத் தொடக்கூடாது. கொப்புளம் ஆற வேண்டும். வயிறும் அடங்க வேண்டும். கும்மியில் அடி எடுத்து வைக்கக்கூடாது. என் நாத்தனார் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். பத்து நாள் போனால் அரங்கேற்றத்துக்கு இரண்டரை வாரம்தான் மிஞ்சும்.

வண்டியில் வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். ஸ்கிரீன் ஓர் உயிரற்ற வலை. அதன் கண்கள் காலையிலும் மாலையிலும் ஒரே அளவு. தோலோ சூட்டுக்கு ஒரு விதமாகவும், குளிருக்கு ஒரு விதமாகவும், ஈரத்துக்கு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். வந்ததை எல்லாம் அப்படியே கீழே விடுவதற்கு அது யாரோ இழுத்துக் கட்டிய துணியல்ல. ஓர் உவமை எங்கே பொருந்துகிறது என்பதை நான் சொன்னேன். எங்கே பொருந்தாமல் நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லவில்லை. கேட்பவர் நம்மை முழுதாக நம்பும்போது அந்த இரண்டாவது பாதி முக்கியமாகிவிடுகிறது.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னேன்: "என்ற தப்புதான் அம்முணி."

அவள் காலை மெல்ல ஊன்றி இறங்கினாள். "உங்க தப்பு பாதி, என்ற தப்பு பாதிங்க. டெஸ்ட்டு பண்ணாமப் பண்ணிப்போட்டன்" என்றாள். பிறகு, "என்னைய வரிசைய உட்டு எடுத்துருவாங்களாங்க?" என்று கேட்டாள்.

செய்தி மறுநாள் யூனிட் முழுதும் பரவியது. எங்கள் மாஸ்டருக்கு இதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்? "என்னக்கா, சாம்பிள் பீஸ் ஒண்ணு போட்டுப் பாக்காம நேரா புரொடக்‌ஷன் எறக்கிட்டீங்களே. ஒரு துணிக்கே வாஷ் டெஸ்ட் கேக்குத ஆளு நீங்க" என்றார். என்னையும் விடவில்லை. "யம்மா, இனிமே எனக்குத் தலைவலின்னா உங்ககிட்டச் சொல்லமாட்டேன். தலையக் கன்வேயர்ல விடச் சொல்லிருவீங்க."

என் நாத்தனார்தான் அதற்கு முதலில் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகு நானும் சிரித்தேன்.

அந்தப் பத்து நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். வேறொரு நல்ல உவமை தேடும் ஆசையை அடக்கிக்கொண்டு, அந்தத் துண்டுத்தாளை எடுத்து, மதிய இடைவேளையில் அவளுக்கு முதலிலிருந்து கடைசி வரை தமிழில் படித்துச் சொன்னேன். எவ்வளவு நீளம் பிதுக்க வேண்டும், காயத்தின் மேல் ஏன் போடக்கூடாது, எத்தனை மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, வெந்நீர்ப் பையும் சூட்டு விளக்கும் ஏன் ஆகாது என்று எல்லாம் அதில் இருந்தது. அவள் கவனமாகக் கேட்டாள். முடித்ததும் தாளை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்.

"இத மொதல்லயே படிச்சிருக்கலாமுங்க" என்றாள், மிகுந்த மரியாதையோடு.

மாலைகளில் அவள் பயிற்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. திடலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டாள். பாட்டு தொடங்கியதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை அடிப்பாள்; கால்கள் மட்டும் சும்மா இருக்கும். ஆசிரியர் அதைத் தடுக்கவில்லை. இரண்டாம் நாள், தாளம் தப்பிய ஒரு கல்லூரிப் பெண்ணை அவர் என் நாத்தனாரிடம் அனுப்பினார். "அந்தம்மா கையப் பாத்து அடிச்சுட்டு வா கண்ணு."

பதினோராம் நாள் மீண்டும் களிம்பு. 'மெல்லிசா' என்றால் எவ்வளவு மெல்லிசு என்று இந்த முறை அவளே கேட்டாள். அதற்கு விடை சொன்னது நானல்ல, மாஸ்டர். பழைய ரப்பர் கட்டையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு மென்மையான ஒரு துண்டை அறுத்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். "ஒரே இழுப்புக்கா. மறு இழுப்பு கெடையாது. சூடும் கெடையாது." மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் மறுபடியும் சிரித்துவிட்டு, சுத்தமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், சீராகப் பரவும் என்றார். எங்கள் தொழில் அறிவு அந்த முட்டிக்குப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான். அதை நான் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இந்த முறை மாயம் எதுவும் நடக்கவில்லை. முதல் மூன்று நாட்கள் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். ஏமாந்துபோய், குழாயையே முறைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் காலையில் எழுந்து நிற்கும்போது முட்டி முன்போல் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து என் அறைப் படிகளில் ஏறினாள். நான்காவது படியில் நின்று, மூச்சு வாங்கி, மீதி மூன்றையும் ஏறினாள். வயிறு எரியவில்லை. மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை, துணி விரிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு துணிக்கட்டுகளுக்கு இடையில் செய்தாள். கன்வேயர் ஓரத்திலும் ஒரு நாற்காலி வந்தது. அதுதான் உண்மையான மருந்து என்று மருத்துவர் பின்னால் சொன்னார். மருந்துக்கும் நாற்காலிக்கும் பாதிப் பாதி என்று நான் வைத்துக்கொண்டேன்.

கடைசி வாரத்தின் முதல் நாள், ஆசிரியர் அவளை நடுவில் நிறுத்தினார். மெதுவான பாட்டுக்கு ஒரு முழுச் சுற்று. பிறகு நடுத்தர வேகத்தில் ஒன்று. நான் திடலின் ஓரத்தில் நின்றிருந்தேன். அவள் அடி தப்பவில்லை. வேகமான பாட்டை அவர் தொடங்கியதும் குதித்து இறங்கும் இடத்தில் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"நிக்கலாமுங்கம்மா" என்றார். "ஆனா இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வெளிய வந்துரோணும்."

"ஒரு பாட்டுத்தானுங்களே. பல்லக் கடிச்சுட்டு ஆடிப்போடறன்."

"பல்லக் கடிச்சா பாட்டு எப்பிடீங்க வரும்? பாடிட்டே ஆடறதுதானுங்க கும்மி."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வாரம் நான் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவளே யோசித்து, "செரிங்க. வந்தர்றன்" என்றாள்.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. அரக்குக் கரை வைத்த மஞ்சள் சேலையில் அறுபது எழுபது பெண்கள். மேளம் முழங்கியது. வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் சந்திக்கும் கதையை ஆசிரியர் பாடப் பாட, பெரிய வட்டம் ஒன்று நகர்ந்தது. நான் முதல் வரிசையில், மருந்துப் பையும் தண்ணீர் பாட்டிலும் மடியில் வைத்து அமர்ந்திருந்தேன். சுற்றி வரும்போதெல்லாம் அவள் என்னைக் கடந்து போனாள். ஒவ்வொரு முறையும் என் கண் அவளுடைய வலது காலுக்கே போயிற்று.

நான்காவது சுற்றில், கையடியை நிறுத்தாமல், முகத்திலிருந்த சிரிப்பையும் மாற்றாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "காலயே பாக்காதீங்க நங்கையா. எனக்கு அடி தப்புது."

அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அதை முன்பே செய்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகத் துணியில் விரிசல் தேடிய கண்கள் அன்று எதையும் தேடவில்லை. அவள் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தனை குரல்களுக்கு நடுவிலும் அவள் குரலை என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது.

வேகமான பாட்டு வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, வட்டத்தை விட்டு வெளியே வந்து, என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். தண்ணீர் குடித்தாள். கண் வட்டத்தின் மேலேயே இருந்தது. நானும் அங்கேதான் பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஆடிய பெண்ணும் பின்னால் ஆடிய பெண்ணும் நெருங்கி வரவில்லை. அவள் நின்ற இடம் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமையாகவே வட்டத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டு தணிந்தது. ஆசிரியர் ஒலிபெருக்கியை வாயிலிருந்து சற்று விலக்கி, எங்கள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். அவள் பாட்டிலை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். அந்த இடம் எங்கள் முன் வந்தபோது, இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்து, தாளம் தப்பாமல் அதற்குள் நுழைந்துகொண்டாள்.